பனியன் போட்ட ஹார்ட் டிஸ்க்குகள்

உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பனியன் போட்டுவிட்ட ஒரே மனிதர் எங்கள் ‘ஒரிஜினல்’ அண்ணன்தான். காதர்பேட்டையிலிருந்து குழந்தைகள் சைஸில் அள்ளி வருவார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்று.

“ஏனுங்கண்ணா, இதுக்கெல்லாம் குளிருங்களா?” என்று கேட்டால் சிரிக்கவே மாட்டார்.

“தூசு அடையுமுங்க கண்ணு. உள்ள இருக்கறது ஒரிஜினல்” என்பார்.

அனுப்பர்பாளையத்தில் இருந்த அந்தக் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் கேமராமேனும் அவரே, எடிட்டரும் அவரே. நான் ஆல்பம் டிசைன் செய்கிறவன். கேமராவில் எடுத்த ஒரிஜினலைச் சுமக்க எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெம்பு கிடையாது. அதனால் சின்னதாகக் காப்பி போட்டு, அதை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் ஒரிஜினலோடு இணைப்பார்கள். அப்போதுதான் படம் தெளிவாக வரும். அண்ணன் வெட்டி முடித்த கையோடு காப்பியை அழித்துவிடுவார். ஒரிஜினலை மட்டும் யார் சொன்னாலும் அழிக்கமாட்டார்.

“அந்தப் பொண்ணு புள்ளையே பெத்துருச்சு, இன்னும் எதுக்கய்யா?” என்று முதலாளி கத்துவார்.

“இருக்கட்டுங்க, கேட்டு வருவாங்க” என்று டிஸ்க்கை மாரோடு அணைத்தபடி நகர்ந்துவிடுவார்.

ஒருமுறை அண்ணன் லீவில் இருந்தபோது முதலாளியே இணைத்தார். எங்கள் கேமரா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்றிலிருந்து நம்பர் போடும். எல்லா ஊர்க் கல்யாணத்துக்கும் ஒரே ஃபைல் பெயர்கள்தான். வீடியோவில் கணியூர் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கட்டியது அவிநாசி மாப்பிள்ளை.

“ஏனுங்க, தாலி எடுக்கறப்ப எங்க மாப்பிள்ளைக்கு மீசை இல்லீங்க. கட்டறப்ப எப்படீங்க வந்துச்சு?” என்று பெண்ணின் அப்பா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு முதலாளி அந்த வேலைப் பக்கமே வரவில்லை.

போன வருஷம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பாவி மனிதர், எந்த டிஸ்க்கில் எந்தக் கல்யாணம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஞானம்மா வந்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். மகன் மோசஸின் கல்யாண வீடியோவை இன்னும் வாங்கவில்லை. அதற்குள் மோசஸ் பைக் விபத்தில் இறந்துவிட்டான்.

“எம் புள்ள மொகத்த ஒருக்கா அசையப் பாத்துட்டா போதும் தம்பி. போட்டோ பேச மாட்டேங்கு.”

அண்ணன் வெட்டி முடித்திருந்தார், இணைக்கவில்லை. திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஒரிஜினல் காட்சி எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஞானம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு டிஸ்க்காகப் பனியனைக் கழற்றி மாட்டினேன்.

முதல் காட்சியைத் திறந்தேன். அண்ணன். கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பேசுகிறார்: “கணியூர்க் கல்யாணமுங்க. மாப்பிள்ளை முறைக்கறாரு. தள்ளி நின்னு எடுக்கோணும்.” அடுத்த டிஸ்க்கிலும் அண்ணன்: “பொண்ணோட மாமா ஆடுவாருங்களாமா. ஒதுங்கி நிக்கோணும்.” வெட்டும்போது இந்தப் பேச்சை முதலிலேயே நீக்கிவிடுவார் போலிருக்கிறது, நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஒரு டிஸ்க்கில் சர்ச் வாசலில் நின்றார். “மோசஸ் தம்பி கல்யாணமுங்க. பையன் அம்மாவைப் பாத்தாத்தான் நல்லாச் சிரிக்கறான். அம்மாவைக் கேமராவுக்குப் பின்னால நிறுத்திக்கோணும்.”

அண்ணன் பேசியதை முன்னால் வைத்து, அந்த டிஸ்க்கோடு இணைத்தேன். சிவப்பு மறைந்தது. மோசஸ் நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஞானம்மா திரையில் அவன் கன்னத்தைத் தொட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது, “முன்னால பேசுற அண்ணாச்சிய வெட்டிராத தம்பி. அவுகளும் இருக்கட்டும்” என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு வெட்ட மனசு வந்திருக்காது.