சின்ன சிலிண்டரே போதும்

இந்தக் குளிர்காலத்தில் காட்ஃப்ரேயோடு ஒரே கூரைக்கடியில் இருப்பதில்லை என்று செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாட்டிறைச்சி ரோஸ்ட்டை மென்றுகொண்டே நான் சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். என் சபதங்கள் எல்லாமே மனதுக்குள்தான் நடக்கும். வெளியே வந்தால் என் மனைவி மியூரியல் அதைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிடுவாள்.

காட்ஃப்ரே என் சகலை. மியூரியலின் தங்கை ஏவ்ரிலைக் கட்டியவன். ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் போர்ச்சுகலில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் விளக்குவான். மழை பெய்தால் ஏன் பெய்கிறது என்று விளக்குவான். டீ ஏன் ஆறுகிறது என்று விளக்குவான், அதற்குள் நம் டீ ஆறிவிடும். பனி கொட்டினாலும் அரைக்கால் சட்டைதான். சாயங்காலமானால் அக்கார்டியனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவனுக்கு மூன்று பாட்டு தெரியும் என்று ஏவ்ரில் சொல்கிறாள். எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்திருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் இலை உதிரத் தொடங்கினால் போதும், மியூரியல் ஆரம்பித்துவிடுவாள். வாசலில் படுக்கை, அடுப்போடு மோட்டார்ஹோம் வண்டி சும்மா நிற்கிறதே, குளிர்காலம் முழுக்க ஏவ்ரில் வீட்டுப் பக்கம் போய் இருந்துவிட்டு வரலாமே என்பாள். ஒவ்வொரு வருஷமும் என்னைக் காப்பாற்றியது கேஸ் சிலிண்டர். எங்கள் யார்க்‌ஷயர் பக்கம் காலி சிலிண்டரைக் கடையில் கொடுத்தால் நிறைந்த சிலிண்டரைக் கொடுப்பார்கள். அந்த மரியாதை கடலோடு சரி. கப்பல் ஏறி இறங்கினால் பிரெஞ்சுக்காரன் நம் சிலிண்டரை ஏற இறங்கப் பார்ப்பான், தோளைக் குலுக்குவான், போய்விடுவான். வண்டியில் ஹீட்டர், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாமே கேஸில் ஓடுகிறவை.

"ரெண்டு வாரத்துல கேஸ் தீர்ந்துடும் மியூரியல். அப்புறம் டீக்கு வெந்நீர்கூடக் கிடையாது" என்பேன். டீ இல்லை என்றதும் அவள் அடங்கிவிடுவாள். இப்படியே பல வருஷம் ஓட்டினேன்.

அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் எதிர்வீட்டு வினிஃப்ரெட். புருஷன் போனபிறகு தனியாகவே மோட்டார்ஹோமை ஓட்டிக்கொண்டு மொராக்கோ வரைக்கும் போய்விட்டு வருகிறவள். ஒருநாள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னாள்:

"சிலிண்டரை மாத்துறதா? இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? நான் நிரப்புற சிலிண்டர் வெச்சு எத்தனை வருஷமாச்சு. வண்டியிலேயே பொருத்திடுவாங்க. பெட்ரோல் பங்க்குல கார்காரங்க கேஸ் போடுறாங்கல்ல, அதே குழாய்தான். மாட்டினா தானா நிரம்பும்."

"வெளிநாட்டுலயுமா?" என்று மியூரியல் கேட்டாள். கேட்டது அவளை. பார்த்தது என்னை.

"எங்க வேணும்னாலும். நாட்டுக்கு நாடு குழாய் வாய் மாறும். அதுக்கு ஒரு பை நிறைய அடாப்டர் இருக்கு. லயனல் சொல்லலையா?"

"லயனல் நிறைய விஷயம் சொல்றதில்ல" என்றாள் மியூரியல்.

எனக்கு பிஸ்கட் தொண்டையில் நின்றது. ஆனால் ஆபத்தில்தான் என் மூளை வேலை செய்யும். எதிர்த்தால் மாட்டிக்கொள்வேன். ஆகவே முன்னால் நின்று நானே நடத்துவது என்று முடிவு செய்தேன். நிரப்புகிற சிலிண்டர்தானே, வாங்கிவிடலாம். ஆனால் எது வாங்குவது என்று தேர்ந்தெடுக்கப்போவது நான். பெரிய சிலிண்டர் ரெண்டு வாங்கினால் போர்ச்சுகல் என்ன, பூமியையே சுற்றி வரலாம். சின்னதாக ஒன்றே ஒன்று வாங்கினால் குளிரில் ரெண்டு ராத்திரி தாங்கினால் அதிகம். பங்க் பங்க்காகத் தேடி அலைந்துகொண்டு எவன் போர்ச்சுகல் போவான்?

மியூரியல் சம்மதிக்க ஒரு காரணம் வேண்டும். இடமில்லை என்பதைவிட நல்ல காரணம் உலகத்தில் உண்டா? வண்டியின் பக்கவாட்டில் சிலிண்டர் வைக்கிற பெட்டி இருக்கிறது. ரெண்டு பெரிய சிலிண்டர் தாராளமாக உட்காரும். ஆகவே அதைக் குறுக்கினேன். பழைய சமையலறை அலமாரியின் நீலக் கதவு ஒன்று ஷெட்டில் கிடந்தது. கைப்பிடி போய், அந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அதைப் பெட்டிக்குள் சுவர் மாதிரி நிறுத்தி, பின்னால் கட்டையை வைத்து இறுக்கினேன். பார்த்தால் பிறக்கும்போதே வண்டி அப்படித்தான் பிறந்ததுபோல் இருந்தது. என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன், எட்டினவரைக்கும்.

அது அக்டோபர் மாதம். மறுநாளே மியூரியலைக் கூப்பிட்டு, அளவு நாடாவின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே பாரு. பெரியது நுழையுமா?"

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த நீலச் சுவர் முன்னாடியே இருந்துச்சாங்க?"

"கம்பெனிக்காரன் வெச்சது. காற்றோட்டத்துக்கு."

"ஓட்டை வேற வெச்சிருக்கான்."

"அதுதான் காற்றோட்டம்."

"ரொம்ப யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான்" என்றாள். "அப்ப சின்னதுதானா? குளிருக்குப் போதுமா?"

இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் ஜெயிக்கப்போகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"போதுமாவா? என்ன கேள்வி கேக்குற? ஜனவரி மாசம் ஸ்காட்லாந்து மலை உச்சியில நிறுத்திட்டுக்கூடத் தூங்கலாம். அரண்மனையில ராஜா தூங்குற மாதிரி. போர்வையை உதைச்சுத் தள்ளிடுவே."

"சின்ன சிலிண்டர்ல?"

"சின்ன சிலிண்டரே போதும்."

சிலிண்டர் பொருத்த வந்த மெக்கானிக், பெட்டியைத் திறந்து நீலக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மியூரியலைப் பார்த்தார். "இதை எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தார். "காற்றோட்டம்" என்றேன் நான். "அவர் அளந்துட்டாரு, விட்டுடுங்க" என்றாள் மியூரியல். எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. என் பேச்சுக்கு வீட்டில் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். மெக்கானிக் சின்ன சிலிண்டரை இறுக்கிக் கட்டி, நிரப்புகிற வாயை வண்டியின் வெளிப்பக்கம் வைத்துவிட்டு, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அனுதாபம் சொல்கிறவர்கள் மாதிரி கொஞ்சம் அழுத்தியே கொடுத்தார்.

நவம்பர் பிறந்தது. மியூரியல் வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். வினிஃப்ரெட்டும் தன் அடாப்டர் பையோடு வந்து உட்கார்ந்தாள். நேரம் வந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விட்டேன். பெருமூச்சை முந்தினநாளே குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"மனசு கேக்கல மியூரியல். நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். இந்தச் சிலிண்டரை வெச்சுக்கிட்டுப் போர்ச்சுகல் போக முடியாது."

"ஸ்காட்லாந்து மலை உச்சியில போதும்னீங்க. போர்ச்சுகல் வெயில்ல போதாதா?"

"வெயில்லதான் ஃப்ரிட்ஜ் கேஸை இழுக்கும்."

"ஜனவரியிலயா?"

"அந்த ஊர் ஜனவரி உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா? ஒருதரம்கூடப் போனதில்லையே."

வினிஃப்ரெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

மியூரியல் வரைபடத்தை மெதுவாக மடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "பாவம் ஏவ்ரில். என்னைப் பாக்கணும்னு உயிரை விடுறா. சரி, சிலிண்டர் விட்டாத்தானே. நம்ம தலையெழுத்து" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு இளகிய மனசு. அதுவும் ஜெயித்த கையோடு இருக்கும்போது இன்னும் இளகிவிடும். ஏவ்ரிலும் காட்ஃப்ரேயும் வெயிலை விட்டுவிட்டு யார்க்‌ஷயர் குளிருக்கு ஒருநாளும் வரமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். காட்ஃப்ரேயின் முழங்காலே சம்மதிக்காது. காசா பணமா, ஒரு வார்த்தைதானே?

"நாம போக முடியலன்னா என்ன மியூரியல்? அவங்க வரட்டுமே. குளிர்காலம் முழுக்க இருக்கட்டும். நம்ம வீடு அவங்க வீடு இல்லையா?"

"நெஜமாவா சொல்றீங்க?"

"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

"வினிஃப்ரெட், நீ கேட்டேல்ல?" என்றாள் மியூரியல். கண்ணீர் எங்கே போனது என்று தெரியவில்லை.

"நல்லாவே கேட்டேன்" என்றாள் வினிஃப்ரெட்.

மியூரியல் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் சாய்ந்து உட்கார்ந்து, வராத விருந்தாளிகளுக்குக் கதவைத் திறந்துவைத்த சந்தோஷத்தில் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

புது வருஷம் பிறந்த கையோடு வந்து இறங்கினார்கள். அங்கே அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம், வசந்தம் வரைக்கும் வேலை இருக்கிறதாம். காட்ஃப்ரே அரைக்கால் சட்டையோடு பனியில் நின்று, பனி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று எனக்கு விளக்கினான். அக்கார்டியனுக்கு ஒரு தனிப் பெட்டி வந்திருந்தது.

எங்கள் வீட்டில் ரெண்டே படுக்கையறை. மியூரியல் நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்தாள். அக்காவும் தங்கையும் எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கிறார்கள், பேச நிறைய இருக்கிறது. அவர்களுக்குப் பெரிய அறை. காட்ஃப்ரேக்கு முதுகுவலி, குறட்டை வேறு. அவனுக்குச் சின்ன அறை.

"நான்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்னங்க குறை. வாசல்லயே அரண்மனை நிக்குது. போர்வையை மட்டும் உதைச்சுத் தள்ளிடாதீங்க, கீழே விழுந்தா அழுக்காயிடும்."

அன்றிலிருந்து நான் வாசலில் குடியிருக்கிறேன். முதல் ராத்திரி ராஜா மாதிரித்தான் தூங்கினேன். அடுத்தது மந்திரி மாதிரி. அதற்கடுத்த நாள் விடியும் நேரத்தில் ஹீட்டர் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. மூக்கு நுனி எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆகிவிட்டது. கேஸ் போடுகிற பங்க் எங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாக மூடி, இப்போது ஸ்கிப்டன் ஊரைத் தாண்டி ஒன்றுதான் மிச்சம். சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது, வண்டியில் பொருத்தியது. படுக்கை, பைஜாமா, டீ கெட்டிலோடு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எதிரே வருகிற மோட்டார்ஹோம்காரர்கள் சந்தோஷமாகக் கையசைக்கிறார்கள். மரியாதைக்கு நானும் அசைக்கிறேன். பங்க்காரர் என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவை எங்க டூர்?" என்கிறார். "வாசலுக்கு" என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் கையில் விறைத்துப்போன பல் துலக்கும் பிரஷ்ஷோடு சமையலறைக்குப் போனேன்.

"மியூரியல், பெரிய சிலிண்டர் ரெண்டு போட்டுடலாமா?"

"எப்படிங்க முடியும்? இடம் இல்லையே. நீங்கதானே அளந்தீங்க." வாணலியில் முட்டையைத் திருப்பினாள். மணம் என்னைக் கொன்றது. "நானும்தான் அந்தப் பக்கம் நாடா பிடிச்சேன்."

"இன்னொரு தரம் அளந்து பாக்குறேன். குளிர்ல இரும்பு சுருங்கும், இடம் கூடியிருக்கும்."

"அதைக் காட்ஃப்ரே கிட்டக் கேளுங்க, விளக்குவாரு."

மானம் போனாலும் பரவாயில்லை, மூக்காவது மிஞ்சட்டும் என்று முடிவு செய்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் கதவை உருவி எறிந்துவிட்டு, இடம் கூடிவிட்டது என்று சத்தியம் செய்யலாம். சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் இருக்கும்போது, நழுவிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

நீலக் கதவு இல்லை.

கட்டையும் இல்லை. சின்ன சிலிண்டர் அந்த விசாலத்தில் தனியாக நின்றது. பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் குந்தி உட்காரலாம். காலியான இடத்தில் என் பழைய பூட்ஸ் துடைத்து, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது.

யார் எடுத்தது, எப்போது எடுத்தது? வீட்டுக்குள் ஓடினேன். கூடத்தில் அக்காவும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. காட்ஃப்ரே மல்லாந்து படுத்து, மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தான். மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நீலமாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

"வா லயனல்" என்றான். "முதுகுவலின்னா என்னன்னு உனக்கு விளக்குறேன். மெத்தைக்கு அடியில கெட்டியா ஒரு பலகை வேணும், அதுவும் இடுப்புக்கு நேரா. இது அப்படியே எனக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கு. இந்த ஓட்டை இருக்கு பாரு, என் இடுப்பெலும்பு அதுலதான் வந்து உட்காருது. காற்றோட்டமாவும் இருக்கு."

"இதை உனக்கு யாரு குடுத்தது?"

"மியூரியல்தான். நல்ல மனசு அவளுக்கு. நாங்க இங்க வர்றதா ஏவ்ரில்கிட்டப் பேசி முடிவானதுமே, இந்தப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பி, அகலம் போதுமான்னு கேட்டுட்டா. அப்ப அக்டோபர் மாசம்."