ஏழாம் ஆண்டின் கடைசிப் பந்து

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், தேர்வுக்குழுவில் இருக்கும் பல் மருத்துவர். குறிப்பெடுக்க, குமாஸ்தா. வராதவர்கள் யாரும் இல்லை. தேநீர் உண்டு என்று அழைப்பில் போட்டிருந்தது.

பேச வேண்டியவை இரண்டு. ஒன்று, இருபது ஓவர் கோப்பைப் போட்டியின் வெள்ளிவிழா மலரை அச்சுக்கு அனுப்புவது. இரண்டு, ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் குமாஸ்தாவை நிரந்தரமாக்குவது. முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

மலரை எழுதியவனே குமாஸ்தாதான். எட்டு அணிகளின் இருபத்தைந்து வருட வரலாறு. வருடத்துக்கு ஒரு பக்கம். முதல் வருடம் எல்லா அணியும் வெள்ளையில் வந்ததால், எதிரணி ஆள் ஒருவனும் சேர்ந்து பன்னிரண்டு பேர் நாலு ஓவர் ஃபீல்டிங் செய்தார்கள். இரண்டாம் வருடம் வண்ணச் சட்டை வந்தது. இறுதி ஆட்டத்தில் தூறல் விழுந்து சாயம் போக, சிவப்பு அணியும் நீல அணியும் ஊதா அணியாக முடிந்தன. நாலாம் வருடம் ஸ்கோர் சமமானது. அதற்கு விதி எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நாணயம் சுண்டினார்கள், நாணயம் புல்லில் தொலைந்தது. கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் கோப்பில் ஆதாரம் இருந்தது. ஏழாம் வருடக் கோப்பில் மட்டும் ஒரு வெற்று ஸ்கோர் தாள். எவனோ சோம்பேறி எழுதாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்தான் குமாஸ்தா. பக்கத்தைக் காலியாக விட்டால் தலைவர் கேட்பார். எனவே ஓர் இறுதி ஆட்டத்தை அவனே ஆடிவிட்டான். கடைசிப் பந்து, வேண்டியது ஐந்து ரன், பெயர் தெரியாத இடது கை ஆட்டக்காரர் ஒரு சிக்ஸர். கிழக்கு அணி வெற்றி. கிழக்கு அணியில் ஆடியவர் எவரும் சங்கத்தில் இல்லை. ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள்.

மலரில் வரும் ஆட்டக்காரர்களுக்கு விழா மேடையில் பதக்கம் என்று தலைவர் அறிவித்திருந்ததை அவன் யோசிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த நால்வரும் ஒரு காலத்தில் ஆடியவர்கள். மற்ற இருபத்து நாலு பக்கத்தில் எதிலும் அவர்கள் பெயர் இல்லை. ஆதாரம் இருந்ததால் இடம் கொடுக்க முடியவில்லை.

முதலில் தொண்டையைச் செருமியவர் பல் மருத்துவர்.

"இந்த இடது கை ஆட்டக்காரர், பேரு போடலையே?"

"பேரு கிடைக்கல டாக்டர்."

"நான்தான்."

ஆயுளெல்லாம் மேற்கு அணிக்கு ஆடியவர் அவர். அந்த ஒரு வருடம் கிழக்கில் ஆள் குறைந்ததால் கடனாகக் கேட்டார்களாம். கெஞ்சினார்களாம். மட்டை பட்ட அதிர்வு இன்னமும் கையில் இருக்கிறதாம்.

"உங்க கை அதிர்றது எனக்கும் தெரியும் டாக்டர்" என்றார் பொருளாளர். "போன மாசம் என் பல்லைப் பிடுங்குனீங்களே. ஆனா அந்த சிக்ஸர் நான் அடிச்சது."

அவர் வலது கைக்காரர் ஆயிற்றே என்று குமாஸ்தா மெல்ல நினைவுபடுத்தினான்.

"அந்த ஒரு பந்துக்கு மட்டும் கையை மாத்தி நின்னேன். பவுலர் குழம்பட்டும்னு."

சண்டைக்குக் காரணம் அந்த 'இடது கை'தான் என்று குமாஸ்தாவுக்குப் பட்டது. பேனாவை எடுத்து அதை அடித்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வலது கை என்பதால் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த செயலாளர், இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, உண்மை ஒருநாள் வெளிவரும் என்று தனக்குத் தெரியும் என்றார். அவரையும் அந்த வருடம் கிழக்கு அணி கடன் வாங்கியிருந்தது.

சிக்ஸர் ஒன்று, அடித்தவர் மூவர். குமாஸ்தா சிக்ஸரையே அடித்துவிட்டு வைட் என்று எழுதினான். பந்து கீப்பரையும் தாண்டி எல்லைக்கு ஓடியது. ஆக மொத்தம் ஐந்து. யாரும் மட்டையைத் தூக்க வேண்டியதில்லை.

கண்ணை மூடிக்கொண்டிருந்த தலைவர் திறந்தார்.

"அது வைடு இல்லப்பா. அன்னிக்கு அம்பயர் நான்."

வைட் இல்லையென்றால் கிழக்கு தோற்கிறது. அடித்த மூவரும் தோற்கிறார்கள். பொருளாளர் எழுந்து, காசு வாங்காத அம்பயரைத் தான் அந்த வருடம் பார்க்கவேயில்லை என்றார். பல் மருத்துவர் ராஜினாமா எழுதத் தாள் கேட்டார். செயலாளர் தன்னிடமிருந்த நகலை நாலாகக் கிழித்தார். தலைவர் மேசையைத் தட்டி, மலர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இரண்டாவது விஷயமும் அப்போதே என்றார்.

அடுத்த வருடம் என்றால் பத்தாவது வருடம். பத்து வருடம் தற்காலிகமாக இருந்தவனை அதற்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சங்க விதி. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"சார், அந்த ஆட்டத்தை நானே கற்பனையா எழுதினேன். கோப்புல ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க."

நால்வரும் அன்று முதல் முறையாக ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"அந்த வருஷம் நீ எங்க இருந்த தம்பி?" என்று கேட்டார் செயலாளர்.

"ஸ்கூல்ல சார்."

"அப்புறம் நடந்துச்சா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

குமாஸ்தா ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். முதல் வருடத்திலிருந்து அங்கே ரோலர் தள்ளுபவர் ஒருவர் இருந்தார். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் ரோலர் அண்ணன். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர்.

"ஏழாவது வருஷமா?" அவர் ரோலரை நிறுத்தாமலே சொன்னார். "போட்டியே நடக்கலையேப்பா. சாக்கடைக் குழாய் போடறேன்னு வருஷம் பூரா மைதானத்தைத் தோண்டி வச்சிருந்தாங்க. ஆள் உயரத்துக்குக் குழி. எங்க போய் ஆடறது?"

குமாஸ்தாவுக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. கையைப் பிடித்து, இதைத் தயவுசெய்து உள்ளே வந்து சொல்லுங்கள் என்று இழுத்துக்கொண்டு வந்தான்.

இருபத்தைந்து வருடத்தில் அந்த அறைக்குள் ரோலர் அண்ணன் நுழைந்ததில்லை. வாசல் வரைதான். கால் சேற்றைப் பார்த்தபடி நின்றவரைத் தலைவர் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஏழாம் வருஷம் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கண்ணே. பயப்படாதீங்க. அன்னிக்கு அந்தக் கடைசிப் பந்துல சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் மேடையில பதக்கம் உண்டு."

ரோலர் அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்க்கவில்லை.

"மைதானம் பூரா அப்ப குழிங்க" என்றார்.

குமாஸ்தா மூச்சு விட்டான்.

"அந்த சிக்ஸர் நேரா குழிக்குள்ளதான் விழுந்துச்சு. நான்தான் எறங்கி எடுத்துக் கொடுத்தேன்."

அவருக்கும் ஒரு தேநீர் ஊற்றினார்கள். சங்க வரலாறு தெரியாதவனைச் சங்கத்தில் நிரந்தரமாக்குவதா என்பதை அவர்கள் பேச வேண்டியிருந்ததால், குமாஸ்தாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவன் படியிறங்கியதும் ரோலர் அண்ணனே எழுந்து வந்து கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.