எங்க வீட்டுக்கு வெள்ளமே வராது சார்

உங்கள் அம்மா போனில் சொன்னதை ஆதாரமாக வைத்து நீங்கள் யாரிடமாவது சண்டைக்குப் போயிருக்கிறீர்களா?

நான் போயிருக்கிறேன். அதுவும் எழுத்துபூர்வமாக, ஆங்கிலத்தில், அம்மாவின் குரல் பதிவையே இணைப்பாக வைத்து. (சிரிக்காதீங்க, அப்போ அது செம ஐடியாவா தெரிஞ்சுது.)

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் மலை அடிவாரத்தில் எங்கள் வீடு. நைனா, அதாவது என் அப்பா, கே.ஜி.கண்டிகைப் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. நானும் தங்கச்சி ஹேமாவும் டவுனில் படிக்க வேண்டும் என்று வங்கிக் கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினார். கடன் கொடுத்த வங்கி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றது. வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான். அந்த பாலிசிக்கு என் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தோம். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது என் வேலை. குடும்பத்துக்கு நான் செய்கிற ஒரே வேலை அதுதான் என்பதால், வீட்டையே தலையில் தூக்கி வைத்திருப்பது போல பேசிக்கொண்டு திரிவேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. பிரீமியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காரணம்: உங்கள் பகுதி வெள்ள அபாயப் பகுதியாக மாற்றப்பட்டுள்ளது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது நான் வேளச்சேரியில் ஒரு அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்தேன். எங்கள் தெருவில் படகு விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்துகொண்டு, திருத்தணிக்கு வெள்ளமா என்று கேட்டேன். திருத்தணி மலை ஊர். மலைக்கு எப்படி வெள்ளம் வரும்? தண்ணீர் மேல் நோக்கி ஏறுமா? அறை நண்பர்களும் "அதானே மச்சி" என்றார்கள். (மலை மேல இருக்குறது முருகன், நாங்க இருக்குறது கீழன்ற சின்ன விஷயம் அன்னிக்கு யார் மண்டையிலும் ஏறல.)

தவிர, என்னிடம் ஆதாரம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் புயல் மழை கொட்டியது. "வீட்ல தண்ணி வந்துச்சாம்மா?" என்று நான் கேட்டதற்கு அம்மா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "கண்ணு, இங்க ஒரு சொட்டு தண்ணி இல்ல. சும்மா தூறிகினு கீது, அவ்ளோதான்." அதற்கு மேலும் ஏதோ ஓடியது. நான் கேட்கவில்லை. அம்மா அனுப்பும் குரல் பதிவைக் கடைசி வரை கேட்கிற பிள்ளை யாராவது இருந்தால் எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள், காலில் விழுகிறேன். கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

என் வேலையே வாடிக்கையாளர்களின் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுவது. எந்த மாதிரி மெயில் வந்தால் கம்பெனி பயப்படும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த மொத்த வித்தையையும் இறக்கினேன். எங்கள் வீட்டுக்குள் மழைநீர் இதுவரை வந்ததே இல்லை, புவியியல் ரீதியாக வரவும் முடியாது, இதோ வீட்டிலேயே வசிக்கும் என் தாயாரின் வாக்குமூலம், தைரியம் இருந்தால் ஆளை அனுப்பி நேரில் பாருங்கள். அனுப்பு பொத்தானை அழுத்தியபோது விரல் நுனியில் ஒரு கெத்து வந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆள் வருவார் என்று பதில் வந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நேராகப் போய் இறங்கி, பிரீமியத்தைக் குறைத்துவிட்டு, நைனா முன்னால் காலரைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது திட்டம்.

ரயிலைப் பிடித்து, ஸ்டேஷனில் இருந்து ஆட்டோ பிடித்து நான் இறங்கவும், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒருவர் எங்கள் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. நடுத்தர வயது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. வீட்டுக்கு நேர்ந்த சேதத்தை மதிப்பிட்டு கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிற சர்வேயர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 'சேதம்' என்ற சொல் காதில் விழத்தான் செய்தது. மூளை வரைக்கும் போகவில்லை.

கதவைத் திறந்த அம்மா, என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி நின்றாள்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"சர்ப்ரைஸ் மா. நவுரு, சாருக்கு வீட்ட காட்டணும்."

"சாரு... நீ கூட்டிகினு வந்தியா?"

"ஆங். நான்தான் வரவெச்சேன்."

அம்மா திரும்பி ஹேமாவைப் பார்த்தாள். ஹேமா உத்தரத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது நான் அதிகமாகப் பேசுவேன். பேசினேன்.

"சார், தரைய பாருங்க. சுவத்த பாருங்க. தண்ணி வந்த வீடு மாதிரியா கீது?"

அவர் குனிந்து சுவரைத் தொட்டார். அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரே சீராக வேறு நிறம். "இது என்ன?"

"டூ டோன் பெயிண்ட் சார். இப்ப அதான் டிரெண்டு."

கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் செங்கல் வைத்திருந்தது. "இது?"

"வாஸ்து சார்."

ஃபிரிட்ஜ் இருந்த மூலை காலியாக இருந்தது. நானே கொஞ்சம் தடுமாறி, "ஃபிரிட்ஜு எங்கம்மா?" என்றேன்.

"அது... ரிப்பேருக்குப் போயிருக்கு கண்ணு."

"பாத்தீங்களா சார்? ரிப்பேரு. தண்ணியால எதுவும் ஆவல."

சர்வேயர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பின்பக்கம் போகலாமா என்று கேட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "நீ போகாத தணிகா, அங்க பூனை குட்டி போட்டுகினு கீது."

அந்த நேரம் பார்த்து, பின்பக்கம் கொடியில் தொங்கிய புடவைகளை விலக்கிக்கொண்டு நைனா உள்ளே வந்தார். கையில் பாதி செங்கல்.

"வாங்க சார் வாங்க, உங்களுக்குதான் காத்துகினு கிறேன். பின்பக்க சுவரு மொத்தமா பூட்ச்சி சார். வந்து நீங்களே பா..." என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "நீ எப்படா வந்த?"

புடவைகளுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த தெரு தெரிந்தது. அங்கே ஒரு பசு நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. பயந்துவிடுவார்களாம். ஹேமா கை உடைந்தது, மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் நாய் செத்ததை மாசக்கணக்கில் "வெளிய போயிருக்குது" என்றே சொன்னார்கள். வீடியோ கால் போட்டால் அம்மா காட்டுவது மின்விசிறியை மட்டும்தான். அந்தப் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஃபிரிட்ஜ் போய், சுவர் விழுந்து, நைனா ஏஜென்ட் மூலமாக இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்தது வரை எல்லாம் நடந்திருக்கிறது. எனக்கு வந்த சேதி: தூறல்.

சர்வேயர் பையில் இருந்து இரண்டு கோப்புகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"எனக்கும் ஒரு வாரமா குழப்பம்தாங்க. ஒரே வீடு. இதுல தண்ணி வந்துச்சு, பணம் குடுங்கன்னு அப்பா கேக்கறாரு. இதுல தண்ணி வரவே வராது, பிரீமியத்த குறைங்கன்னு பையன் கேக்கறாரு. ரெண்டுல ஒண்ணு பொய்யி. அப்பா கேட்டது பொய்னு ஆச்சுன்னா, இழப்பீடும் கிடைக்காது, நாளைக்கு இந்த வீட்டுக்கு பாலிசியும் கிடைக்காது."

பாலிசி இல்லையென்றால் வங்கி சும்மா இருக்காது. அது எனக்கே தெரியும். நைனா செங்கல்லைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"நான் பொய் சொல்றவனா சார்? சுவரு இல்ல, கண்ணால பாக்கறீங்க."

"சுவரு எப்ப விழுந்துச்சு, எதனால விழுந்துச்சுன்னு நான் எழுதணும்ல? உங்க பையனே ஆதாரம் வேற குடுத்திருக்காரு."

"இன்னா ஆதாரம்?" என்றார் நைனா.

நான் பூனைக்குட்டியைத் தேடுவது போல பின்பக்கம் நகர்ந்தேன். ஹேமா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? நில்லுணா."

சர்வேயர் போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டார். கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. கண்ணு, இங்க ஒரு சொட்டு தண்ணி இல்ல. நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

சர்வேயர் நெற்றியைச் சுருக்கி, ஒலியைக் கூட்டி, மறுபடியும் முதலில் இருந்து வைத்தார். இந்த முறை நாங்கள் எல்லாரும் காதைக் கொடுத்தோம்.

அம்மாவின் குரலுக்குப் பின்னால் சளக் சளக் என்று யாரோ தண்ணீரில் நடக்கிறார்கள். சும்மா தூறிகினு கீது, அவ்ளோதான். அதோடு நைனாவின் அலறல்: "அடியே, போன வெச்சிட்டு வாடீ, ஃபிரிட்ஜு மெதக்குது!" பிறகு என்னவோ தொப்பென்று சரிகிற பெரிய சத்தம். ஹேமாவின் கிறீச்: "அம்மா, சுவரு உழுந்துச்சி!" இத்தனைக்கும் நடுவில், கோவில் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசுகிற நிதானத்தில் அம்மா: "சாப்ட்டியா கண்ணு?"

முதலில் சிரித்தது சர்வேயர்தான். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத அனுப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"எதுக்கு அனுப்பினீங்க?"

"தண்ணி வரலன்றதுக்கு சார்."

"முழுசா கேட்டீங்களா தம்பி?"

ஹேமா என் சார்பில் சொன்னாள்: "அவன் கட்டவிரல் அனுப்பினான் சார்."

நாளும் நேரமும் பதிவிலேயே இருந்தன. சுவர் விழுகிற சத்தமே இருந்தது. இவ்வளவு உருப்படியான ஆதாரம் தன் சர்வீஸில் கிடைத்ததில்லை என்றார். அதை நைனாவின் கோப்புக்கு மாற்றிக்கொண்டார். என் புகாரை நான் திரும்பப் பெறுவதாகக் கைப்பட எழுதச் சொன்னார். எழுதினேன். எங்கள் தெருவுக்கு மேலே மலைத் தண்ணீர் போகிற கால்வாய் இருந்ததே, அது எங்கே என்று நைனாவிடம் கேட்டார்.

"அத்த மூடிட்டாங்க சார். கிருத்திகைக்கு வர்றவங்க அது மேலதான் காரு நிறுத்தறாங்க."

"அப்ப தண்ணி?"

"தோ, இப்டி வருது," என்று எங்கள் கூடத்தைக் காட்டினார் நைனா.

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

இழப்பீடு வந்தது. முழுசாக இல்லை, சுவருக்குப் போதுமான அளவு. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்று வரை விளங்கவில்லை. நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட அபாயம் என்று சொல்லி பிரீமியத்தை இன்னும் ஏற்றிவிட்டார்கள். குறைக்கச் சொல்லி ஆளை வரவழைத்தது நான். ஏற்றுவதற்கு ஆதாரம் கொடுத்ததும் நான்.

அந்தக் குரல் பதிவை ஹேமா சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் எங்கள் பாவா, பெரியம்மா மகளைக் கட்டியவர், அதையே ரிங்டோனாக வைத்திருக்கிறார். போன மாசம் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே "ஃபிரிட்ஜு மெதக்குது" என்று கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினார்கள். என்னை அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஃபிரிட்ஜு தம்பி வந்துட்டாரு, எல போடுங்க" என்கிறார்கள்.

இந்த வருஷத்து மெயிலும் வந்துவிட்டது. மறுபடியும் ஏறியிருக்கிறது. வெள்ளத்தை மட்டும் பாலிசியில் இருந்து எடுத்துவிட முடியுமா, கரும்புக்கே தண்ணி காணலையே என்கிறார் நைனா. அம்மா கூடாது என்கிறாள். கட்டினால், வெள்ளம் வராவிட்டால் பணம் தண்டமாகத் தெரிகிறது. கட்டாவிட்டால், குழாயில் தண்ணீர் சொட்டினாலே அம்மா கட்டிலுக்குச் செங்கல் தேடுவாள். படித்தவன் நீ சொல்லு என்று இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை கடைசி நாள். இன்னும் கட்டவில்லை.