என் கண்ணுக்குப் பதினோரு பேர் சம்மதம்

போன செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி வாங்கலாம்னு கூலிம் டவுனுக்குப் போனேன். அவ்வளவுதான் வேலை.

மூணு நாளா இடது கண்ணுல கீழ்ப்பாதி மட்டும் புகை படிஞ்ச மாதிரி இருந்துச்சு. கண்ணாடி கீறிப்போச்சுன்னு நினைச்சு சட்டை நுனியால துடைச்சுக்கிட்டே இருந்தேன்.

கடைக்காரச் சீனர் கண்ணை ஒரு மெஷின்ல பாத்தாரு. முகம் மாறிடுச்சு.

"அங்கிள், கண்ணாடி விக்க மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வியாபாரம் வேணாம்னு சொன்ன முதலாளியை அன்னிக்குத்தான் பாத்தேன்!

தோழர்களே, கரங்கான் எஸ்டேட்ல நாப்பது வருஷம் கொடி புடிச்சவன் நான். போலீஸ் லாரியில தயங்காம ஏறுன காலு, கண் டாக்டர் வாசல்ல நகரவே இல்ல. என் சம்சாரம் அந்தோணியம்மா முதுகுல கை வச்சு உள்ள தள்ளுனா.

கண்மணி விரியணும்னு சொட்டு விட்டாங்க. அரை மணி நேரத்துல உலகமே மாவு கரைச்ச தண்ணியாயிடுச்சு. மோவாயை மெஷின்ல வச்சுப் படம் புடிச்சாங்க. டாக்டர் ஒரு சின்ன வயசு மலாய்ப் பொண்ணு.

"அங்கிள், கண்ணுக்குப் பின்னால ஒரு ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. ரத்தம் கசிஞ்சு, பார்வையோட நடு இடம் வீங்கியிருக்கு. ரத்த அழுத்தம் இருக்கா?"

"ரத்த அழுத்தம் இல்லாம முதலாளிகிட்ட பேச முடியுமா டாக்டர்?"

"மாத்திரை?"

அந்தோணியம்மா முந்திக்கிட்டா. "மாத்திரையெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சதியாம் டாக்டர். துண்டறிக்கையில படிச்சாராம்."

அந்தத் துண்டறிக்கையை எழுதுனதே நான்தான்.

"கண்ணுக்குள்ள ஊசி போடணும். மாசம் ஒண்ணு. இன்னிக்கே ஒரு இடம் காலியா இருக்கு. தள்ளிப் போட்டா நடுப்பார்வை திரும்பாமலே போகலாம்."

"கண்ணுலயா ஊசி!"

"மரத்துப்போக மருந்து விடுவோம்லா. வலிக்காது."

மருந்து விடறதுக்கு முன்னாலயே என் நாக்கு மரத்துப்போச்சு.

வெளிய தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தங்க என் ஃபைல்ல ஏதோ எழுதுனாங்க. என் பேர்ல யார் என்ன எழுதுனாலும் கேட்டுடுவேன், பழக்கதோஷம்.

"நோயோட கோட் நம்பர் அங்கிள். எச் முப்பத்துநாலு புள்ளி எட்டு."

"அப்படின்னா?"

"விழித்திரை ரத்தக் குழாய் அடைப்புல, 'மற்றவை'."

"மற்றவையா! மலாயில 'லாயின்-லாயின்'னு போடுவாங்களே, அதுவா!" எந்திரிச்சுட்டேன். "புள்ளிவிவரத்துல எல்லாம் நம்மாளுங்களை அந்தக் கடைசிக் கட்டத்துல தள்ளுறீங்க. இப்ப என் கண்ணையுமா?"

"இந்தாங்க," அந்தோணியம்மா சட்டையைப் புடிச்சு உக்கார வச்சா. "மொதல்ல கண்ணைக் காப்பாத்துங்க. கட்டத்தை அப்புறம் காப்பாத்தலாம்."

மிஸ்ஸி ஒரு அட்டையில தாளைச் செருகிக் கையில குடுத்தாங்க. "படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்து போடுங்க அங்கிள்." அந்தோணியம்மா கேண்டீனுக்குத் தேத்தண்ணி வாங்கப் போனா.

பயம் வந்தா எனக்கு ஒரே வழிதான் தெரியும். போராட்டம்!

தலைக்கு மேல காத்தாடி சுத்தல. உடனே நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, 'காத்தாடி வேண்டும்'னு குத்துமதிப்பா எழுதி, அந்த அட்டையில செருகி எந்திரிச்சேன். எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி மகஜர் முடியிற வரைக்கும் ஊசி தள்ளிப்போகும்ல!

"என்னா அண்ணே இது?"ன்னாரு பக்கத்துல இருந்தவரு. அவருக்கும் சொட்டு விட்டிருந்தாங்க. வரிசையில எல்லாருக்கும் விட்டிருந்தாங்க.

"காத்தாடிக்கு மகஜர். கையெழுத்து போடுங்க."

பெண்டாங்ல இருந்து வந்த மலாய்க்கார நெல் விவசாயி போட்டாரு. ஒரு சீனப் பாட்டி போட்டாங்க. தடவித் தடவி எல்லாரும் போட்டாங்க! பதினோரு பேர்! எஸ்டேட்ல தண்ணிக் குழாய்க்கு மகஜர் எடுத்தப்ப ரெண்டே கையெழுத்து. ஒண்ணு என் சம்சாரம். இன்னொருத்தன் மேனேஜர் காரைப் பாத்ததும் தன் பேரை அடிச்சுட்டான்.

நெஞ்சை நிமித்திக்கிட்டு அட்டையை மிஸ்ஸிகிட்ட நீட்டினேன்.

அவங்க பாத்தாங்க. திரும்பப் பாத்தாங்க. தோள் குலுங்குச்சு.

"அங்கிள், உங்க மகஜர் அடியில இருக்கு. மேல இருக்கிறது ஊசிக்கான சம்மதக் கடிதம். உங்க கண்ணுல ஊசி போட பதினோரு பேர் சம்மதிச்சிருக்காங்க. நீங்க மட்டும் போடல."

'படிக்காம கையெழுத்து போடாதே!' நாப்பது வருஷம் நான் போட்ட கோஷம்.

தேத்தண்ணியோட வந்த அந்தோணியம்மா விஷயத்தைக் கேட்டா. "பேனா குடு மிஸ்ஸி, பன்னெண்டாவதா நான் போடுறேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. காத்தாடியைத் தவிர எல்லாம் ஆடுச்சு.

புதுக் கடிதத்தை அவ வரி வரியாப் படிச்சா. கையெழுத்து போட்டேன். உள்ள படுத்தேன். கண்ணுல லேசா ஒரு அழுத்தம்.

"எப்ப டாக்டர் ஊசி போடுவீங்க?"

"போட்டாச்சு அங்கிள்."

இப்ப புகை கொஞ்சம் விலகியிருக்கு. அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்காங்க, போவேன். மாத்திரையும் முழுங்குறேன்.

நாப்பது வருஷப் போராட்டத்துல நான் கொண்டுபோன மகஜர்கள்ல ஒண்ணே ஒண்ணுதான் அன்னிக்கே நிறைவேறுச்சு. அதுவும் என் கண்ணுல குத்தச் சொல்லி!