இரண்டு அம்புகளும் ஒரு காதுகுத்தும்

எதையாவது என் பொறுப்பில் விட்டுவிட்டு யாராவது ஊருக்குப் போனால் எனக்குத் தூக்கம் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் திருப்பதி போனால், அவர் லட்டோடு திரும்பும்வரை அவர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான், இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன ஆரம்பப் பள்ளியில் குருளையர் படையை ஒப்படைத்தார்கள்.

குருளையர் என்றால் சாரணர் இயக்கத்தின் பொடிசுகள். கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப், தலையில் காதுவரை இறங்கும் தொப்பி. என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் முட்டி வலி. நீங்கதான் ஓடுவீங்க" என்றார். (திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை.)

முதல் வெளிச்சுற்றுலாவுக்குப் பதினான்கு பிள்ளைகளை அழைத்துப் போனேன். கூட உதவிக்குச் சரோஜா ஆயா. காலையில் ஒரு செராமிக் பட்டறை. அங்கே களிமண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். எவனாவது சூளைக்குள் கையை விடுகிறானா என்று நான் பார்த்தேன். பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளியிலிருந்து கிளம்பும்போது, பதினான்கு பேரில் ஒருவனான கதிரின் அம்மா சொன்னது வேறு காதிலேயே இருந்தது. "எட்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் மிஸ்ஸு. பாத்து இட்டுகினு வாங்க."

அடுத்தது தடம் தேடும் விளையாட்டு. பயிற்சி முகாமில் கற்றுக்கொடுத்தது. நான் முன்னால் சைக்கிளில் போய்த் தெருமுனைகளில் சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போட வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து ஆற்றங்கரைத் தோப்புக்கு வந்து சேர வேண்டும். அங்கே எலுமிச்சம்பழச் சாதம். ஆயா பின்னாலேயே வருவார்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் போங்க. யாரு கூப்ட்டாலும் நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மிகத் தெளிவான உத்தரவு. கெட்டதே அதனால்தான்.

தோப்பில் சாதப் பொட்டலங்களை வட்டமாக அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். காக்கைகள் வந்தன. ஒரு நாய் வந்தது. கடைசியில் சரோஜா ஆயா வந்தார், தனியாக, செருப்பைக் கையில் பிடித்தபடி.

"புள்ளைங்க வந்துட்டாங்களா மிஸ்ஸு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நின்றாராம். நிமிர்ந்து பார்த்தால் தெருவில் ஒரு மஞ்சள் ஸ்கார்ஃபும் இல்லையாம். "சரி, உங்ககிட்டதான் ஓடியாந்திருப்பாங்கன்னு வந்துட்டேன்" என்றார்.

மணிமுத்தாற்றைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த ஆறு வறண்டு கிடப்பதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இது ஜங்ஷன் ஊர். எந்த ரயிலிலாவது ஏறியிருந்தால் ஒரு பாதி சேலத்துக்கும் மறுபாதி கடலூருக்கும் போயிருக்குமே. பதினான்கு அம்மாக்களும் என் வீட்டு வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்தது. பள்ளிக்குச் சொல்லலாம் என்று செல்போனை எடுத்தேன். பேலன்ஸ் சில பைசாதான். மிஸ்டு கால் மட்டும் கொடுக்கலாம். பிள்ளைகளைக் காணோம் என்று மிஸ்டு காலில் எப்படிச் சொல்வது?

ஆயாவை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். இரண்டாவது தெருவில், கையில் காய்கறிப் பையோடு எதிரே வந்தார் கதிரின் அம்மா.

"என்னா மிஸ்ஸு, புள்ளைங்க எங்க?"

"ஒளிஞ்சு விளையாடறாங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அப்படியா? எங்க ஒளிஞ்சிருக்கான், நானும் பாக்கறேன்" என்று அவரும் கூடவே வந்துவிட்டார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயா வாய்க்குள்ளேயே பழமலைநாதரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

தெருமுனையில்தான் அதைப் பார்த்தேன். என் அம்பு வலப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது, ஒரு முழம் நீளத்தில். அதற்குப் பக்கத்திலேயே, இடப்பக்கம் காட்டி, ஆள் நீளத்தில் இன்னொரு அம்பு. அதே சுண்ணாம்புத் தூள், நான் போன பிறகு யாரோ போட்டது. கீழே கொட்டை எழுத்தில் 'காதணி விழா' என்று இருந்தது. (பிள்ளைகள் அம்பை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். படிக்கச் சொல்லி நான் உத்தரவு போடவில்லையே.)

ஓடினேன். பந்தல் தெரிந்தது. பந்தலுக்குள் முதல் பந்தியில் வரிசையாகப் பதினான்கு மஞ்சள் ஸ்கார்ஃப். காது குத்த வேண்டிய குழந்தை தூங்கிவிட்டதாம். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இலை போட்டுவிட்டார்கள். கதிர் பாயசத்தை இலையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தான்.

அந்த நிம்மதியில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, மூச்சு தீரும்வரை ஊதினேன்.

நீள விசில் என்றால் எல்லாரும் ஓடிவந்து வட்டமாக நிற்க வேண்டும். வாரக்கணக்கில் பழக்கியிருந்தேன், ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை. அன்றைக்கு வந்தார்கள். இலையைத் தாண்டி, சாம்பார் வாளியைச் சாய்த்து, பாயசக் கையோடு பந்தல் நடுவில் வட்டமாக நின்றார்கள். அந்த வட்டத்துக்குள், தாய்மாமன் மடியில், அதற்குள் கண்விழித்துவிட்ட குழந்தை. ஒரு காது முடிந்திருந்தது. பத்தர் இரண்டாவது காதில் ஊசியை வைத்த அதே நேரத்தில்தான் விசில். அவர் கை துள்ளிவிட்டது.

குழந்தை வீறிட்டு அழுதது.

தாய்மாமன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா? குருளையூர்க்காரங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பந்தலில் கேட்டதற்கு என் பிள்ளைகள் "நாங்க குருளையர்" என்றிருக்கிறார்கள். விழா வீட்டார் அது கம்மாபுரம் பக்கத்தில் ஏதோ ஊர், அங்கிருந்து சம்பந்தி வழி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, தனியாக அப்பளம் போட்டு உபசரித்திருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். குழந்தையின் அம்மா தன் பிள்ளையைத் தேற்றுவதா என்னைத் தேற்றுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு, "ஓட்டை ரெண்டு நெல்லு ஒசரம்தான் ஏறியிருக்குது. போவட்டும் வுடுங்க, ஒக்காந்து சாப்டுங்க" என்றார்.

கதிரின் அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று திரும்பினேன். அவர், அதற்குள் பந்திக்குத் திரும்பிவிட்ட மகனின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வூட்ல கத்திரிக்காய தொடக்கூட மாட்டான் மிஸ்ஸு" என்றபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குழந்தையின் பெயர் வித்யா. வளர்ந்த பிறகு, இரண்டு கம்மலும் சமமாகத் தெரிவதற்காக எந்தப் போட்டோவிலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். போன வருஷம் பெண் பார்க்க வந்த திட்டக்குடிக்காரர்கள், போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண்ணுக்குக் கழுத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் காதுகுத்திலிருந்து பழக்கமாகிவிட்ட அவள் அம்மா எனக்குப் போன் செய்து, ஆட்டோவும் அனுப்பி என்னை வரவழைத்தார்.

"கழுத்து நல்லா இருக்குதுங்க. காரணம் இவங்கதான். நீங்களே கேட்டுக்கோங்க" என்று என்னை நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

இத்தனை வயதுக்குப் பிறகு, முன்பின் தெரியாத பத்துப் பேர் முன்னால் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வித்யாவின் அம்மா மணமேடையை விட்டு இறங்கிவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கழுத்தில் விசில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, தாலி ஏறி முடியும்வரை என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.