ஜெயசுதா மைக் பிடித்த விவரம்

அரியலூர்

அன்புள்ள மச்சான் வேல்முருகன் அவர்களுக்கு, சிங்காரவேலு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா ஜெயசுதாவும் சுகம். வேப்பந்தட்டையில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாள் துணை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் தபால்.

சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரலை எடுத்ததிலிருந்து எட்டு மாதமாக அவள் வாசல் தாண்டவில்லை. யார் விசேஷத்துக்கு அழைத்தாலும், "காலப் பாத்துட்டு ஆளாளுக்குக் கேப்பாங்க, நான் வரல" என்பாள். வீட்டில் எங்களுக்குப் பொழுதுபோக்கு, செல்போனில் ஸ்டாண்ட்-அப் காமெடி. அதிலும் ஒத்துப்போகவில்லை. எனக்குப் பாலாஜி. உலகத்தில் ஒருத்தனும் யோக்கியன் இல்லை என்று எதிரே இருப்பவனை வாரு வாரென்று வாருவான். அவளுக்கு மலர்கொடி. அந்தப் பெண் தன் கஷ்டத்தையே சொல்லிச் சிரிக்கும். "உங்காளு அடுத்தவன அழவச்சுச் சிரிக்கிறான். எங்காளு தான் அழுத கதையச் சொல்லி நம்மளச் சிரிக்க வைக்குது" என்பாள் உங்கள் அக்கா.

போன ஞாயிறு இருவரும் பெரம்பலூரில் ஒரே மேடைக்கு வந்தார்கள். மகள் ஆர்த்தி கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைக் கிளப்பிவிட்டாள். முதலில் பாலாஜி. முன்வரிசையில் என்னைப் பார்த்து, "பெரியவரே, மீசைக்கு மட்டும் மை அடிச்சிருக்கீங்க, தலை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். மண்டபமே சிரித்தது. மூன்று வருஷமாக அவனை ரசித்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை மச்சான்.

அடுத்து மலர்கொடி வந்து, "உங்க கஷ்டத்துல ஒண்ணச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்ட, உங்கள் அக்கா எழுந்துவிட்டாள்! மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தக் கால்ல மெட்டி போட விரல் இல்லைங்க. இப்ப இவருக்கு நான் பாதிப் பொண்டாட்டிதான். அதனால சொல்ற பேச்சுல பாதிதான் கேப்பேன்!"

கூட்டம் எழுந்து கைதட்டியது. மலர்கொடி இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணி. எட்டு மாசமா ஆறுதல் சொல்லத் தெரியாம முழிச்சவன் நான். அவ தைரியம் நமக்கெல்லாம் வராது மச்சான்.

சிக்கல் இனிமேல்தான். வரும் ஞாயிறு காலை அரியலூர் மண்டபத்தில் மலர்கொடி நடத்தும் நிகழ்ச்சியில் அவள் பத்து நிமிஷம் பேசப்போகிறாளாம். விஷயம் முழுக்க என் குறட்டையும் நான் வைக்கிற ரசமும்தானாம். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் தெருவில் நடக்க வேண்டாமா? சனிக்கிழமையே வந்து எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சிங்காரவேலு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அவள் படித்துவிட்டாள். "நல்லாத்தான எழுதியிருக்கீங்க, நீங்களே மேடையில படிங்களேன்" என்றாள். சரியென்று சொல்லித் தொலைத்துவிட்டேன். தடுக்க வேண்டாம். ஞாயிறு நேராக மண்டபத்துக்கே வந்துவிடுங்கள். எனக்கு யாரும் கைதட்டாவிட்டாலும் நீங்களாவது தட்டணும்.