மைக்-தீ வாயைத் திறக்கவில்லை

டிராம் வண்டியின் இரைச்சலைத் தொண்டையாலேயே தோற்கடித்த பெண் கல்கத்தாவில் ஒருத்திதான். எங்கள் மைக்-தீ. வங்காளிகளுக்கு அக்கா என்றால் 'தீ'. டாலிகஞ்ச்சில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. தமிழ்க் காதுக்கு அந்தத் 'தீ' இன்னும் பொருத்தமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பாங்கில் ஆபீசர், தமிழச்சி, கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களை வாசல்வரை துரத்தியவள். ஞாயிறு மாலைகளில் எங்கள் நாலைந்து பேரை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போவாள். நாங்கள் வரதட்சணைக்கு எதிராக ஊர்வலம் போகிற பெண்கள். பெண்களையே நேசிக்கிற பெண்களும்கூட. இந்த இரண்டாவது சங்கதியை ஊர்வலம் நடத்தும் மாதர் சங்கத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. எங்களை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதே எங்களுக்குத் தெரியாது.

"பேரு அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல கூட்டம் நடத்தக் கத்துக்கோங்க" என்பாள்.

கற்றுக்கொடுத்த விதம் இருக்கிறதே! "மன்னிக்கணும்" என்று பேச்சை ஆரம்பித்தால் முகத்தில் பொரி வந்து விழும். "வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்பா? அப்படி என்னடி குத்தம் பண்ணிட்டே?" வாரம் ஒருத்தி தலைமை. கலாட்டா செய்து சோதிப்பது எப்போதும் மைக்-தீதான்.

ஒருநாள் லுங்கி கட்டி, மையால் மீசை வரைந்துகொண்டு என் அப்பாவாக வந்தாள். "குடும்ப மானத்தக் கப்பலேத்திட்டியேடி பாவி!" என்று அவள் போட்ட கூச்சலில், விடுதிக்குள் ஆம்பிளை புகுந்துவிட்டான் என்று வார்டன் மாஷிமா துடைப்பத்தோடு ஓடிவந்து முதுகில் இரண்டு வைத்தாள். மைக்-தீ அடியை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள்: "வேடிக்கை பாக்கறியா? கூட்டத்துல அடிதடி! தலைவி என்ன பண்ணணும்? சொல்லு!"

நிஜமான கலாட்டா சீக்கிரமே வந்தது. நானும் எங்கள் மாடிக் கூட்டத்து ஷிப்ராவும் மாடியில் அணைத்தபடி நின்றதை யாரோ பார்த்து விடுதிக் கமிட்டியிடம் சொல்லிவிட்டார்கள். விசாரணை. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து என் சித்தப்பாவையும் வரவழைத்துவிட்டார்கள். இந்தக் காரணத்தோடு வெளியே அனுப்பினால் வேறு விடுதியில் இடம் கிடைக்காது. ஷிப்ராவுக்கோ அவள் அண்ணன் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தான்.

மைக்-தீயும் வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். இடி இறங்கப் போகிறது என்று காத்திருந்தேன். செயலாளர் எங்களைத் திட்டி முடித்தார். இடி இறங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? அண்ணாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் சித்தப்பா.

எழுந்தேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன்.

"நாங்க எந்த விதிய மீறினோம்?" என்று வங்காளத்தில் கேட்டேன்.

"இதெல்லாமா விதியில எழுதுவாங்க?" என்றார் செயலாளர்.

"எழுதாத விதிக்கு எப்படி வெளிய அனுப்புவீங்க?"

பிறகு சித்தப்பா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்: "எனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாம் சித்தப்பா. நான் ஷிப்ராவோடதான் இருப்பேன். அப்பாகிட்ட இதையே சொல்லுங்கோ."

ஷிப்ரா எழுந்து என் பக்கத்தில் நின்றாள். கதவோரம் நின்றிருந்த எங்கள் மாடிக் கூட்டத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். "இவங்க போனா நாங்களும் காலி பண்றோம்" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

கமிட்டி நெடுநேரம் குசுகுசுத்தது. கடைசியில் தனித்தனி அறை என்பதோடு விட்டார்கள். சித்தப்பா தன் முன்னால் வைத்திருந்த டீயைத் தொடாமல் போனார். பல வருஷம் என்னோடு பேசவில்லை. மறு வருஷம் நானும் ஷிப்ராவும் வீடு பார்த்துக்கொண்டு போனோம்.

அன்று வெளியே வந்ததும் மைக்-தீயைத் தேடிப் பாய்ந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"பேசியிருந்தா அது என் சண்டையாப் போயிருக்கும்டி. நாளைக்கு நான் இல்லாத எடத்துல என்ன பண்ணுவே?"

அந்தக் குரலா டிராமை வென்றது? எனக்கே சரியாகக் கேட்கவில்லை. புடவைத் தலைப்பு வியர்வையில் ஊறிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நான் விடவில்லை, நின்ற பிறகும்தான்.